பூசானில் பாதியில் வைத்த பர்கர்

நான் கப்பலில் இன்ஜினியர். கப்பல் துறைமுகத்தில் கட்டிய உடனே எல்லோரும் இறங்கிப் போய்விட முடியாது. வாட்ச் என்கிற முறை வேலை இருக்கும், எண்ணெய் ஏற்றுகிற வேலை இருக்கும், சர்வேயர் வருவார், கழற்றிப் போட்ட பம்ப் ஒன்று எப்போதும் காத்திருக்கும். அதெல்லாம் போக எனக்குக் கரையில் கிடைப்பது நாலு மணி நேரம், நல்ல நாளாக இருந்தால் ஆறு. அதற்குள் சிம் கார்டு வாங்கி, தூத்துக்குடிக்கு வீடியோ கால் போட்டு, அம்மாவிடம் முகத்தைக் காட்டி, சோப்பு பேஸ்ட் வாங்கி, கப்பல் சாப்பாடு அல்லாத ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கப்பல் ஏணியான கேங்வேயில் ஏறியாக வேண்டும். உள்ளூர் ஓட்டலைத் தேடி அலைய நேரம் கிடையாது. வைஃபை இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும், படத்தைக் காட்டி வாங்கலாம், விலை போர்டிலேயே இருக்கும் என்பதால் 14 வருஷமாக மெக்டொனால்ட்ஸ், கேஎஃப்சி மாதிரியான செயின் கடைகளில்தான் நான் அதிகம் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் சில வருஷம் நானும் எல்லோரையும் போலத்தான் நினைத்தேன். எந்த நாட்டுக்குப் போனாலும் அதே போர்டு, அதே பெயர், அதே சாப்பாடு. அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு உறைத்தது தென்கொரியாவின் பூசானில்.

அப்போது என்னோடு இன்ஜின் ரூமில் ட்ரெய்னியாக இருந்த பையன் குஜராத்தி, 22 வயசு. முட்டைகூடத் தொடாத குடும்பம். கப்பலில் அவனுக்கென்று சீஃப் குக் தனியாக ஒரு பருப்பு வைப்பார், அது தீர்ந்துபோன நாளில் ரொட்டியும் தயிரும்தான். ஐந்து வாரம் கழித்துக் கரையைப் பார்க்கிறோம், நல்ல குளிர், நாம்போடாங் பக்கம் நடந்து நடந்து இருவருக்கும் பசி. "தீன் சாப், இங்கே எனக்கு என்ன இருக்கும்?" என்று கேட்டான். (இந்தியர்கள் ஓட்டுகிற கப்பல்களில் மூன்றாம் இன்ஜினியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எதிரே தெரிந்த ஒரு செயின் கடைக்குள் கூட்டிக்கொண்டு போய், "கறியை எடுத்துவிட்டுத் தரச் சொல், சீஸ் இருக்கும், கோஸ் இருக்கும், சாஸ் இருக்கும், வயிறு நிறையும்" என்றேன். வேறு ஊர்களில் மற்றவர்கள் அப்படி வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்த தைரியம்தான்.

பாதி சாப்பிட்டிருப்பான். சும்மா, பொழுதுபோக்காக, சுவரில் ஒட்டியிருந்த ஒரு அட்டவணைமேல் ஃபோன் கேமராவைக் காட்டி மொழிபெயர்ப்பு ஆப் என்ன சொல்கிறது என்று பார்த்தான். திரையில் கொரிய எழுத்துகள் ஒவ்வொன்றாக மாறின. அவன் கையில் இருந்த பர்கரின் பெயருக்கு நேரே சாஸ் என்ற இடத்தில் சோயா, கோதுமை, மாட்டிறைச்சி என்று வந்தது. ஃபோனை என் பக்கம் திருப்பினான். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அவன் பர்கரைக் காகிதத்தில் வைத்து, நாலு மூலையையும் அழகாக மடித்து, தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டான். எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்ஸியில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான், ராத்திரி மெஸ்ஸுக்கு வரவில்லை.

கடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவரில் எழுதித்தான் போட்டிருந்தார்கள், படிக்காமல் வாங்கியது நாங்கள். வாங்கச் சொன்னது நான். மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வேணும்னு செய்யலை சாப்" என்றான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து என் வேலை டைரியின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். எந்தத் துறைமுகம், எந்தக் கடை, எந்தப் பெயரில் என்ன கறி, எந்த எண்ணெய், யாரிடம் கேட்டது. இப்போது மூன்றாவது டைரி ஓடுகிறது. வெளிநாடு போகிற நம் ஆட்கள், முக்கியமாக சைவமாக இருப்பவர்களும் மாடு அல்லது பன்றி சாப்பிடாதவர்களும், நான் செய்த தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் அதிலிருந்து கொஞ்சம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த மாற்றம் எல்லாம் வெளிநாட்டுக்குப் போன பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அமெரிக்காவுக்குள்ளேயே ஆரம்பித்தது. ஒரு மார்ச் மாதம் ஹூஸ்டனில் இறங்கியபோது எந்த செயின் கடையைப் பார்த்தாலும் வாசலில் மீன் பர்கர் படமாகத் தொங்கியது. எங்கள் வீட்டில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது, அம்மா வீடியோ காலில் ஞாபகப்படுத்தாமல் விட மாட்டார், அதனால் எனக்கு அந்தப் படங்களின் காரணம் உடனே புரிந்துவிட்டது. பிறகு தேடிப் படித்தபோது அந்த மீன் பர்கரின் பிறப்பே அதுதான் என்று தெரிந்தது. சின்சினாட்டியில் மெக்டொனால்ட்ஸ் கிளை நடத்திய லூ க்ரோன் என்பவருக்கு வெள்ளிக்கிழமை ஆனால் வியாபாரம் படுத்துவிடும், ஏனென்றால் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளிக்கிழமை கறி தொடாத கத்தோலிக்கர்கள். மீன் பர்கர் போடலாம் என்று கேட்டார். தலைமையில் இருந்த ரே க்ராக்கோ அன்னாசித் துண்டை வைத்து இன்னொரு பர்கர் யோசித்து வைத்திருந்தார். 1962ஆம் வருஷம் புனித வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன் 350 போனது, அன்னாசி 6. இன்று உலகம் முழுக்க நாம் பார்க்கிற ஃபிலே-ஓ-ஃபிஷ் அப்படி வந்ததுதான். ஒரு ஊரின் விரதம் ஒரு கம்பெனியின் மெனுவை மாற்றியது என்றால், நாடு மாறும்போது எவ்வளவு மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர் பரோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்களேன், விருதுநகர் வந்தால் எண்ணெயில் பொரிந்து வருகிறது, மதுரையில் கொத்துகிறார்கள், கேரளா போனால் பக்கத்தில் பீஃப் வருகிறது. பரோட்டா என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன வரும் என்று சொல்ல முடியுமா?

ஜப்பான் என் டைரியில் அதிகப் பக்கம் எடுத்திருக்கிறது. செப்டம்பரில் யோகோஹாமாவில் இறங்கினால் மெக்டொனால்ட்ஸில் 'ட்சுகிமி' பர்கர் இருக்கும். ட்சுகிமி என்றால் நிலாவைப் பார்ப்பது. இலையுதிர் காலத்துப் பௌர்ணமியைப் பார்க்கிற பழக்கம் அவர்களுக்கு உண்டு, அந்த நிலாவுக்குப் பதிலாக உள்ளே ஒரு வட்ட முட்டை. குளிர்காலம் வந்தால் 'குராகோரோ' என்று வெள்ளை சாஸை வைத்துப் பொரித்த, கட்லெட் மாதிரியான குரோகெட் பர்கர். இரால் பர்கர் இருக்கிறது, இனிப்பு சோயா சாஸ் போட்ட தெரியாக்கி பர்கர் இருக்கிறது. இந்தத் தெரியாக்கியில்தான் நம் ஆட்கள் ஏமாறுவார்கள். பர்கர் என்றால் மாடு, அதைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்து இதை எடுத்தால், உள்ளே இருப்பது பன்றிக்கறி. எங்கள் ரத்னகிரி ஆயிலர் பாய் (இன்ஜின் ரூமில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர்) அதை வாங்கப் போனபோது டைரியைக் காட்டி நிறுத்தினேன். அந்த ஒரு நாளுக்கே டைரி எழுதியது தகும்.

அதைவிட முக்கியம், ஜப்பான் மெக்டொனால்ட்ஸில் ஃப்ரைஸ் பொரிக்கிற எண்ணெய் மாட்டுக் கொழுப்பும் பாமாயிலும் கலந்தது. அவர்கள் மறைப்பதில்லை, அவர்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆனால் கவுன்டரில் நின்றுகொண்டு "நோ மீட்?" என்று கேட்டால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஃப்ரைஸைக் காட்டுவாள், ஏனென்றால் உருளைக்கிழங்கில் கறி இல்லை என்பது அவள் வரையில் உண்மை. கேள்வி தப்பாக இருந்தால் பதில் சரியாக வந்தும் பிரயோஜனமில்லை. இப்போதெல்லாம் நான் மூன்று கேள்வி தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறேன்: உள்ளே என்ன கறி, சாஸில் என்ன, எந்த எண்ணெயில் பொரித்தது. அதைக் கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் எழுதி ஃபோனில் படமாக வைத்திருக்கிறேன். இணையம் கிடைக்காத இடத்தில் மொழிபெயர்ப்பு ஆப் கைவிட்டுவிடும், படம் கைவிடாது.

ஜப்பானிலும் கொரியாவிலும் ஒரு பெரிய வசதி உண்டு, இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது. கடைகளில் ஒவ்வாமை அட்டவணை என்று ஒன்று இருக்கும், சுவரிலோ தளத்திலோ. கொரியாவின் பட்டியலில் பால், முட்டை, கோதுமையோடு மாடு, பன்றி, கோழியும் உண்டு. ஜப்பானில் கட்டாயமாகச் சொல்ல வேண்டியவை சில, சொல்லப் பரிந்துரைப்பவை சில, இந்த இரண்டாவது வகையில் மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் எல்லாம் வருகின்றன, பெரிய செயின்கள் அதையும் சேர்த்தே போடுகின்றன. ஆக அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே சாஸில் ஒளிந்திருக்கிற மாடுகூடத் தெரிந்துவிடும். பூசான் சுவரில் இருந்தது அதுதான். மாடு, பன்றி, கோழி என்ற மூன்று சொற்களையும் அந்த மொழி எழுத்தில் முகத்தை ஞாபகம் வைப்பது போல வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் அதே நம்பிக்கையோடு ஐரோப்பா போனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே சட்டப்படி சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. கடுகு இருக்கிறது, எள் இருக்கிறது, செலரி இருக்கிறது, மாடும் பன்றியும் இல்லை. அமெரிக்காவில் 9, எள் 2023இல் சேர்ந்தது, அதிலும் இறைச்சி இல்லை. அதனால் ஹாம்பர்க்கிலோ ஹூஸ்டனிலோ ஒவ்வாமை அட்டவணையில் கட்டம் காலியாக இருக்கிறது என்று சந்தோஷப்படக்கூடாது. அங்கே பார்க்க வேண்டியது முழுப் பொருள் பட்டியலை. இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நீங்களாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்கா என்றதும் ஃப்ரைஸ் கதையைச் சொல்லாமல் போக முடியாது. மெக்டொனால்ட்ஸ் அங்கே 1990இல் மாட்டுக் கொழுப்பை விட்டுவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. எல்லோரும் இனி சைவம்தான் என்று நினைத்துக்கொண்டார்கள், இந்துக்கள் பலரும் உட்பட. சுவைக்காக மாட்டுச் சாரம் சேர்ப்பது தொடர்ந்தது என்பது பிறகு வெளியே வந்து, 2001இல் சியாட்டிலில் ஹரீஷ் பார்த்தி என்ற வழக்கறிஞர் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் கம்பெனி மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் அமெரிக்க ஃப்ரைஸின் பொருள் பட்டியலில் இயற்கை மாட்டிறைச்சிச் சுவை என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். பிரிட்டனிலோ அதே கடையின் ஃப்ரைஸைப் பால்கூடத் தொடாத வீகன்களும் சாப்பிடலாம் என்று கம்பெனியே சொல்கிறது. இந்தியாவில் மாட்டுச் சாரம் கிடையாது. ஜப்பானில் கொழுப்பிலேயே பொரிக்கிறார்கள். ஒரே சிவப்புக் காகித உறை, நாலு நாட்டில் நாலு விதம். உருளைக்கிழங்குக்கே இந்த நிலைமை என்றால் மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

அளவும் அப்படித்தான். ஹூஸ்டனில் லார்ஜ் குளிர்பானம் என்று கேட்டால் கிட்டத்தட்ட 900 மில்லி பிடிக்கிற டம்ளர் வரும். ஜப்பான் லார்ஜை அதன் பக்கத்தில் வைத்தால் தம்பி மாதிரி நிற்கும். அமெரிக்காவில் பல கடைகளில் மறுபடியும் மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம், பிரான்சில் சர்க்கரை பானங்களை இலவசமாக நிரப்பித் தருவதை 2017இல் சட்டம் போட்டே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் எதையும் ஒரு அளவு குறைத்தே வாங்குங்கள், காசும் மிச்சம்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பக்கத்துக்கு வருகிறேன். மலேசியாவின் போர்ட் கிளாங். அந்தத் தடவை எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வாயில் எதுவும் படவில்லை. ஏஜென்ட் வண்டியில் கிளினிக் போய்விட்டு வரும் வழியில் காலை ஏழரை மணிக்கு மெக்டொனால்ட்ஸில் நிறுத்தினார். எனக்கு முட்டையும் சீஸும் நினைத்தாலே குமட்டியது. கவுன்டரில் இருந்த அம்மா நம் தமிழ் ஆள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காய்ச்சலா தம்பி? புபூர் ஆயாம் எடுங்க, கஞ்சிதான், சூடா இருக்கு" என்றார். ஆயாம் என்றால் மலாயில் கோழி, அங்கே தமிழர்களும் பேச்சில் அப்படியே சொல்வார்கள். மூடியைத் திறந்தேன். குழையக் குழைய அரிசிக் கஞ்சி, மேலே பிய்த்துப் போட்ட கோழி, பொடியாக நறுக்கிய இஞ்சி, வெங்காயத்தாள், பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயம், இரண்டு மூன்று மிளகாய்த் துண்டு. முதல் கரண்டியிலேயே மூக்கு விட்டது. பெரிய மஞ்சள் 'எம்' போட்ட கடையில் உட்கார்ந்து, காய்ச்சலுக்கு அம்மா வைக்கிற மாதிரி ஒரு கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். கடைசிவரை சூடு ஆறவில்லை.

மலேசியாவில் அந்தக் கடைகள் ஜாக்கிம் என்ற அரசுத் துறையின் ஹலால் சான்று வாங்கியவை. நம்முடைய ஆயிலர் பாய் எதையும் கேட்காமல், யாரையும் பார்க்காமல், நேராகப் போய் ஆர்டர் கொடுத்ததை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அவர் தோளே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. காலையில் விற்கிற சாசேஜ் மக்மஃபின் அமெரிக்காவில் பன்றி, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கோழி. பெயரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அங்கே சான்றிதழ் விஷயத்தில் பெயருக்குக்கூடக் கணக்கு உண்டு. 2016இல் 'டாக்' (நாய்) என்று பெயர் வைத்த பண்டத்துக்கு ஹலால் சான்று தர மாட்டோம் என்று சொல்லி, முறுக்கு மாதிரிச் சுற்றிய ரொட்டி விற்கிற ஒரு பிரெட்ஸல் கடை 'சாசேஜ்' என்று பெயர் மாற்ற வேண்டி வந்தது.

ஆனால் இந்து நண்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹலால் என்றால் பன்றி இல்லை என்று அர்த்தம், மாடு இல்லை என்று அர்த்தமில்லை. மலேசியாவிலும் துபாயிலும் பர்கர் என்று பொதுவாகக் கேட்டால் பீஃப் வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதேபோல் "நோ போர்க்" என்று எழுதி ஒட்டிய கடை எல்லாம் ஹலால் கடையும் அல்ல, பாய் இதில் ரொம்பக் கறாராக இருப்பார். ஐரோப்பாவில் வெஜிடேரியன் என்று போட்டால் முட்டை இருக்கலாம், மயோனைஸே முட்டைதான். நம் ஊர்ப் பச்சைப் புள்ளி நம் ஊரோடு சரி.

மணிலாவுக்கு எங்கள் போசன்தான், அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவர்தான், எனக்கு வழிகாட்டி. பிலிப்பைன்ஸ்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், எந்த நாட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி சோறு இருக்கா என்பதுதான். ஹாம்பர்க்கில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலில் மனிதர் முகம் வாடிப்போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மணிலாவில் இறங்கியதும் நேராக அவர்கள் ஊர் செயின் கடையான ஜாலிபீக்குக் கூட்டிப் போனார். தட்டில் காகிதத்தில் சுற்றிய சோற்று உருண்டை, பக்கத்தில் பொரித்த கோழி, ஒரு சின்னக் கிண்ணத்தில் பழுப்பு கிரேவி. காகிதத்தைப் பிரித்தால் ஆவி வந்தது. அப்புறம் ஸ்பகெட்டி. ஒரு வாய் வைத்தவுடன் நான் நிமிர்ந்து பார்த்தேன், ஏனென்றால் அது இனிப்பு. மேலே துருவிய சீஸ், உள்ளே சாசேஜ் துண்டுகள். பிலிப்பைன்ஸில் தக்காளிக்குப் பதிலாக வாழைப்பழத்தில் கெச்சப் செய்கிற வழக்கம் உண்டு. தக்காளி கிடைக்காத காலத்தில் மரியா ஓரோசா என்ற உணவு விஞ்ஞானி அதைச் செய்து காட்டினார் என்று போசன் பெருமையாகச் சொன்னார். அந்த இனிப்பு நாக்குக்குப் பழகிப்போன மக்களிடம் புளிப்பு ஸ்பகெட்டி எடுபடாது. டோனி டான் காக்டியோங் 1975இல் ஐஸ்கிரீம் கடையாக ஆரம்பித்து 1978இல் ஜாலிபீ ஆக்கினார். மெக்டொனால்ட்ஸ் அங்கே 1981இல் வந்தது, வந்து இன்று அவர்களும் சோறும் கோழியும் இனிப்பு ஸ்பகெட்டியும்தான் விற்கிறார்கள். உள்ளூர்க்காரன் பாதையில் வெளியூர்க்காரன் நடக்க வேண்டி வந்திருக்கிறது.

அதே போசனோடு ஒரு தடவை மும்பையில் சைன் ஆஃப், அதாவது ஒப்பந்தம் முடிந்து கப்பலை விட்டு இறங்கினோம். அவருக்கு மறுநாள்தான் விமானம், ஓட்டலில் ஒரு ராத்திரி. மெக்டொனால்ட்ஸ் கூட்டிப் போனேன். போர்டை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்துவிட்டு, "பிக் மேக் எங்கே?" என்றார். அது மாட்டுக்கறி பர்கர், இங்கே இல்லை என்றேன். இந்தியாவில் 1996இல் டெல்லி வசந்த விஹாரில் முதல் கடை திறந்தபோதே மாடும் இல்லை, பன்றியும் இல்லை என்று முடிவு செய்துதான் திறந்தார்கள். அதற்குப் பதில் மகாராஜா மேக், முதலில் ஆட்டுக்கறி, பிறகு கோழி. சைவத்துக்கும் அசைவத்துக்கும் சமையல் பகுதியே தனித்தனி, மயோனைஸ்கூட முட்டை இல்லாமல். இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவர் கடைக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலு டிக்கி வாங்கிக் கொடுத்தேன். கடித்தார், மென்றார், மறுபடியும் ஒரு கடி. "கறியே இல்லாமல் இப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று வாங்கினார். எனக்கு நம் ஊர் உருளைக்கிழங்குமேல் அன்றைக்கு ஒரு தனிப் பெருமை.

இதெல்லாம் ஏன் மாறுகிறது என்றால், பெரும்பாலும் கடையை நடத்துவது அந்தந்த நாட்டுக் கம்பெனிதான், பெயரும் முறையும்தான் அமெரிக்காவுடையவை. அவர்களுக்குத் தெரியும் தங்கள் மக்கள் காலையில் எதைக் குடிப்பார்கள் என்று. சீனாவில் கேஎஃப்சி 1987இல் பெய்ஜிங்கில் கோழியோடு ஆரம்பித்தது, இன்று நிங்போவில் காலையில் போனால் கஞ்சியும் யூட்டியாவ் என்ற நீள எண்ணெய்ப் பலகாரமும் தருகிறார்கள். போர்ச்சுகலில் மெக்டொனால்ட்ஸில் சூப் உண்டு. வளைகுடாவில் தட்டை ரொட்டியில் சுற்றிய மக்அரேபியா. ஆஸ்திரேலியாவில் பர்கர் கிங் என்ற பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்ததால் அங்கே அது ஹங்ரி ஜாக்ஸ், தேடி அலையாதீர்கள்.

ஐரோப்பாவில் காசு விஷயத்தைக் கவனியுங்கள். ஹாம்பர்க்கில் துறைமுகத்துக்கு உள்ளேயே டுக்டால்பன் என்று மாலுமிகளுக்கான அருமையான ஒரு மன்றம் இருக்கிறது, அவர்களே வண்டியில் கூட்டிப் போய்விடுவார்கள். ஊருக்குள் போனால் செயின் கடைகளில் கெச்சப்புக்கும் மயோனைஸுக்கும் தனிக் காசு. ராட்டர்டாமிலும் அப்படித்தான். முதல் தடவை பில்லைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போன ஜூனியர்களை நான் பார்த்திருக்கிறேன், அது அங்கே வழக்கம். ஜெர்மனியில் சில மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பீர்கூட விற்பார்கள், திரும்பி வாட்ச் ஏற வேண்டியவர்கள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். பிரான்சின் லு ஹாவ்ரில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஃப்ரைஸ் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிற சிவப்புக் குவளையில் வரும். 2023 ஜனவரி முதல் அங்கே சட்டம் அப்படி, தப்பித் தவறிக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

போகிற நாட்டின் பக்கத்தைத்தான் ஃபோனில் பார்க்க வேண்டும். நம் ஊரில் இருந்தபடி தேடினால் இந்தியப் பக்கமோ அமெரிக்கப் பக்கமோதான் முதலில் வந்து நிற்கும், அதைப் படித்துவிட்டு ஜப்பானில் வாங்குவது என்பது பூசானில் நான் செய்ததேதான். தொடுதிரை இயந்திரத்தில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றலாம், கறியை நீக்கு என்று அழுத்தலாம், ஆனால் கறியை நீக்கினால் சாஸ் நீங்காது, சமைத்த கல்லும் எண்ணெயும் மாறாது. காலை மெனு பத்தரை, பதினொன்றுக்கு முடிந்துவிடும், கஞ்சி வேண்டுமென்றால் தூக்கத்தை விட வேண்டும். யாராவது "இங்கே எனக்கு என்ன இருக்கும்?" என்று கேட்டால், அந்த நாட்டில், அந்தக் கடையில், கண்ணால் படித்திருந்தால் ஒழியப் பதில் சொல்லாதீர்கள்.

அந்தக் குஜராத்திப் பையன் இப்போது ஃபோர்த் இன்ஜினியர், வேறு கம்பெனி. எழுதிய பக்கங்களை எல்லாம் படமெடுத்து அவனுக்கு அனுப்பிவிடுவேன், அவனும் தான் போகிற துறைமுகங்களை அனுப்புவான். போன மாதம் நகோயாவிலிருந்து ஒரு படம் வந்தது. மெக்டொனால்ட்ஸ் தட்டில் ஒரே ஒரு சின்னக் காகிதக் கிண்ணம், அதில் பச்சை சோயா பயறும் மஞ்சள் சோளமும். பக்கத்தில் அட்டவணையைக் காட்டிய இன்னொரு படம், அந்த வரிசையில் மாடு, பன்றி, கோழி மூன்று கட்டமும் காலி. கீழே எழுதியிருந்தான்: "தீன் சாப், இதை எழுதிக்கோங்க. ரெண்டு கிண்ணம் சாப்பிட்டேன்."